விடியலில் புளிக்கும் ரணகள்ளி: இலை இரவில் மூச்சு வாங்குவதைச் சோதித்தது

மாவிலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவி, காய்ந்ததும் செலோடேப்பால் உரித்து நுண்ணோக்கியில் பார்த்தால், இலைத்துளைகள் அச்சு எடுத்ததுபோல் தெரியும். மேல்பக்கத்து அச்சில் துளைகளைப் பார்ப்பது அரிது. நகரி, புத்தூர் பக்கம் மாந்தோப்புக்குக் குறைவில்லை என்பதால் இங்கிருந்துதான் தொடங்கினேன்.

துளை திறந்தால் கரியமில வாயு உள்ளே வரும், கூடவே இலையின் ஈரம் வெளியே போகும். காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். அந்தக் கொஞ்சத்துக்காக இலை ஏராளமான தண்ணீரை இழக்கிறது. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இது லேசான விலை இல்லை. மாமரம் உச்சிவெயிலில் துளைகளைப் பெரும்பாலும் ஒடுக்கிக்கொண்டு சமாளிக்கிறது. ரணகள்ளி வேறு வழியில் போகிறது. பகலில் மூடிவிட்டு, இரவில் திறக்கிறது.

ரணகள்ளியை இந்தப் பக்கம் தெலுங்குக்காரர்கள் ரணபாலா என்பார்கள். இலையின் ஓரத்திலேயே குட்டிச்செடி முளைக்குமே, அதுதான். இரவில் வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக்கிச் சேர்த்து வைத்து, பகலில் வெளிச்சம் வந்ததும் அதை உடைத்து, மூடிய கதவுக்குள்ளேயே மாவுப்பொருள் செய்கிறது. அதனால்தான் காலையில் இலை புளிக்கும், சாயங்காலம் புளிப்பு போய்விடும். மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலை பார்த்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்னே இதை நாக்காலேயே கண்டுபிடித்தார். இப்போதைய ஆந்திராவில் இருக்கும் சாமல்கோட்டில் கம்பெனியின் தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய கடிதம் 1815-ல் லண்டன் லின்னியன் சங்க வெளியீட்டில் அச்சானது. இவ்வளவு பெரிய விஷயம் நம் மண்ணில் நின்று கவனிக்கப்பட்டது என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

நீங்கள் செய்வதானால் நாக்கு வேண்டாம். இந்தச் செடியில் இதயத்தைப் பாதிக்கும் பொருள்கள் உண்டு, மேய்ந்த மாடுகளுக்கு ஆகாது. புளிப்பை நிறத்தால் காட்டும் பி.எச். தாள் போதும்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம், 7 நடுநிலை. இலைத் துண்டை நசுக்கி, சாற்றைத் தாளில் ஒற்றினேன். விடியலில் எடுத்த இலை தாளை ஆரஞ்சாக்கியது, ஏறக்குறைய 4. அதே செடியில் மாலையில் எடுத்த இலை மஞ்சளைத் தாண்டி லேசாகப் பச்சை காட்டியது, 6-க்குப் பக்கம். பகல் முழுக்கக் கறுப்புத் துணியால் மூடி வைத்த இலை சாயங்காலமும் ஆரஞ்சாகவே இருந்தது. அமிலத்தைச் செலவழிக்க வெளிச்சம் வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமிலம் உண்மையிலேயே வெளிக்காற்றிலிருந்து வருகிறதா? ரணகள்ளி இலை பறித்தாலும் நெடுநாள் உயிரோடு இருக்கும், அது வசதி. சாயங்காலம் பறித்த இலைகளில் சிலவற்றை, குழைத்த சுண்ணாம்புக் கிண்ணத்தோடு ஒரு பெரிய டப்பாவில் வைத்து இறுக்க மூடினேன். சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். மற்ற இலைகளை, தண்ணீர்க் கிண்ணத்தோடு இன்னொரு டப்பாவில் வைத்து, வாயை மெல்லிய துணியால் மட்டும் கட்டினேன். இதையும் மூடிவிட்டால் உள்ளே இருக்கும் சொற்ப வாயு சீக்கிரம் தீர்ந்துபோகும், ஒப்பிடவே முடியாது. எதிர்வீட்டு அத்தை பார்த்துவிட்டு, “வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்புதானே, அதை ஏம்ப்பா இதுக்குள்ள வெச்சிருக்க?” என்று கேட்டார். காலையில் தாள்களை அவரிடமே காட்டினேன். துணி கட்டிய டப்பாவின் இலை நல்ல ஆரஞ்சு. சுண்ணாம்போடு இருந்த இலை மஞ்சள், 5 அளவில் நின்றுவிட்டது.

மாலையில் இருந்த 6-லேயே ஏன் நிற்கவில்லை? இலையும் இரவெல்லாம் சுவாசிக்கிறது. அந்தச் சுவாசத்தில் உண்டாகும் வாயுவை வெளியே விடாமல் அதையும் அமிலமாக்கிக்கொள்கிறது. கடும் வறட்சியில் கள்ளிச்செடிகள் இரவிலும் துளையைத் திறக்காமல் தாக்குப்பிடிப்பது இந்த வழியில்தான்.

அடுத்ததாக மார்கழியில் இதையே செய்யப் போகிறேன். இரவு குளிர்ந்தால் அமிலம் கூடுதலாகச் சேரும். ஆனால் பி.எச். தாளின் நிறத்தை வைத்து அந்த வித்தியாசத்தைப் பிரிக்க முடியாது. அதனால் சாற்றை எடைபோட்டு, சோடா உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தாள் நடுநிலை காட்டும்வரை எத்தனை சொட்டு பிடிக்கிறது என்று எண்ணலாம் என்றிருக்கிறேன். கற்றாழையையும் அன்னாசி இலையையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும், அவையும் இரவில் திறக்கிற கூட்டம்தான்.