பாகு சத்தம் போடும்வரை

என் மாமியாருக்குப் பல்செட் கட்டி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் ஆசையாகச் செய்துகொடுத்த கடலை மிட்டாயில் ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்தார். மேல்வரிசை முழுதும் மிட்டாயோடு கையில் வந்துவிட்டது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அன்றோடு விட்டிருப்பேன்.

நான் பிறந்தது கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே ஒரு கரிசல் கிராமம். அந்தப் பக்கத்துக்காரனுக்குக் கடலை மிட்டாய் வராது என்றால் சென்னையில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் எங்கள் தெருவில் அதை வீட்டில் செய்தவர்கள் குறைவு. கோவில்பட்டிக்குப் போய்த் திரும்புகிறவர் கையில் பொட்டலம் இருக்கும், அவ்வளவுதான். ஒருகாலத்தில் அந்த வட்டாரத்தில் கருப்பட்டிப் பாகில்தான், அதுவும் திருவிழா நாட்களில்தான் செய்துகொண்டிருந்தார்கள். 1940-களில் பொன்னம்பல நாடார் தம் மளிகைக் கடையில் கரும்பு வெல்லத்தில் செய்து விற்க ஆரம்பித்த பிறகுதான் அது அன்றாடத் தின்பண்டமாக மாறியது. 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று, ஏதோ நானே வாங்கிக் கொடுத்ததுபோல் அலுவலகத்தில் நான்கு பேரிடம் சொன்னேன்.

எங்கள் வீட்டில் ஆச்சி மட்டும் பொங்கலுக்கு முந்தின வாரம் செய்வார். அடுப்பருகே எனக்கு ஒரு வேலைதான்: பித்தளைச் சொம்பில் பச்சைத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அந்தத் தண்ணீர் எதற்கு என்று நாற்பது வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பல்செட் கழன்ற அந்த முதல் தட்டில் நான் செய்த தப்பு இதுதான். "வெல்லப் பாகு பொங்கி நுரைத்ததும் கடலையைக் கொட்டிக் கிளறவும், ஐந்தே நிமிடம்" என்று எங்கேயோ படித்ததை நம்பினேன். பாகு பொங்குவது ஒரு அடையாளமே இல்லை. தண்ணீர் இருக்கிறவரை அது பொங்கிக்கொண்டுதான் இருக்கும். முதலில் விரலில் பிசுபிசுக்கும். பிறகு கம்பியாக இழுபடும். அதன்பின் தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும். அது அதிரசத்துக்கான பதம், சுமார் 115 டிகிரி செல்சியஸ். அந்த நேரத்தில் நூறு கிராம் பாகில் இன்னும் பதினைந்து கிராம் போல் தண்ணீர் மிச்சம் இருக்கும். நான் இறக்கியது அங்கேதான். பல்லைப் பிடுங்கியது அந்தப் பதினைந்து கிராம். மிட்டாய்க்கு வேண்டிய முறுகு பதத்துக்கு 146-ஐத் தாண்ட வேண்டும். அங்கே மிச்சத் தண்ணீர் ஒரு கிராம் அளவுக்கு வந்துவிடும். தண்ணீர் போனால்தான் பாகு கண்ணாடியாகும், கடித்தால் உடையும்.

இரண்டாம் தட்டில் பயந்துபோய் அதிக நேரம் விட்டேன். கசந்து, கருத்து, வீடெங்கும் புகை. மூன்றாவதற்கு அறுநூறு ரூபாய் கொடுத்துச் சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கினேன். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இருநூறு கிராம் வெல்லத்துப் பாகு வாணலியில் அரை விரல் உயரம்கூட நிற்காது. கம்பியின் நுனி சட்டியின் அடியைத் தொட்டது. அது காட்டிய கணக்குப் பாகின் சூடா, இரும்பின் சூடா என்று தெரியாமல் அந்தத் தட்டும் பாழாயிற்று. அப்போதுதான் ஆச்சியின் சொம்புத் தண்ணீர் நினைவுக்கு வந்தது.

ஆச்சி கரண்டி நுனியால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார். பத்து எண்ணுவார். எடுத்துச் சொம்பின் வெளிப்புறத்தில் எறிவார். "தட்" என்று மந்தமாக விழுந்தால் ஒன்றும் பேசாமல் மறுபடி கிளறுவார். "ணங்" என்று கேட்டால் அடுத்த நொடியே சட்டி கீழே இறங்கிவிடும். அவர் பாகை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை, வயதான காலத்தில் புகைக்கும் கண்ணீருக்கும் நடுவே பார்க்கவும் முடியாது. காதால்தான் சமைத்திருக்கிறார்.

இப்போது நான் செய்யும் அளவு: கால் கிலோ கடலைக்கு இருநூறு கிராம் வெல்லம். கடையில் "பாகு வெல்லம்" என்று கேட்டு வாங்க வேண்டும். பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய வெல்லத்தில் ஒருமுறை செய்து பார்த்தேன், எவ்வளவு காய்ச்சியும் சரியாக இறுகவில்லை. கடலையை இரும்பு வாணலியில் சிறு தீயில் பதினைந்து நிமிடம் வறுக்கிறேன். இதில்தான் பாதி ருசி, ஆகவே அந்த நேரத்தில் போன் வந்தால் எடுப்பதில்லை. வெளித்தோல் கருகும் முன் உள்பருப்பு வெந்து பொன்னிறமாக வேண்டும். ஒன்றை எடுத்துப் பிளந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆறியதும் துணியில் போட்டுத் தேய்த்து, சுளகில் புடைத்துத் தோலைப் போக்கி, உள்ளங்கையால் அழுத்தி இரண்டாக உடைக்கிறேன். முழுக் கடலையைவிடப் பாதிப் பருப்பு பாகை நன்றாகப் பிடிக்கும், தட்டையாகவும் படியும். (சுளகு என்றால் முறம். என் மனைவி தஞ்சாவூர்க்காரி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகும் அந்தச் சொல்லுக்குச் சிரிக்கிறாள்.)

வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். ஒரு மணல் பல்லில் மாட்டினால் மொத்த உழைப்பும் போயிற்று. பாகு கொதிக்கும்போது உடைத்த கடலையைப் பக்கத்து அடுப்பில் வெதுவெதுப்பாக வைத்திருங்கள். ஆறிய கடலையைக் கொட்டினால் பாகு அதன்மேல் உடனே உறைந்து, கரண்டி சுற்றாது. "ணங்" கேட்டதும் அடுப்பை அணைத்து, சுக்குப்பொடி, ஏலக்காய், ஒரு கரண்டி நெய், கடலை, நான்கே கிளறு. நெய் தடவிய தட்டில் கொட்டி, நெய் தடவிய பூரிக்கட்டையால் அழுத்தி உருட்டி, சூடு தணியும் முன்பே கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். இதற்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆறியபின் வெட்டப் போனால் சுத்தியல்தான். கடைக்காரர்கள் மேலே தூவும் ரோஸ், பச்சை, மஞ்சள் தேங்காய்த் துருவலுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

கையை எங்கே வைக்கிறோம் என்பதில் மட்டும் கவனம். கொதிநீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். என் வலது கட்டைவிரலில் புளியங்கொட்டை அளவு தழும்பு இருக்கிறது. சட்டியைக் கழுவக் கஷ்டப்பட வேண்டாம். தண்ணீரை ஊற்றி அடுப்பிலேயே கொதிக்கவிட்டால் பாகு தானே கரைந்துவிடும்.

மகளுக்கு வெல்ல வாசனை அவ்வளவாகப் பிடிக்காது. அவளுக்காக வெள்ளைச் சர்க்கரையில் முந்திரி மிட்டாய். இதற்குத் தண்ணீரே வேண்டாம். அடிகனமான சட்டியில் நூற்றைம்பது கிராம் சர்க்கரையைப் பரப்பிச் சிறு தீயில் விட்டால் ஓரத்திலிருந்து உருகத் தொடங்கும். பாதி உருகும்வரை கரண்டியை உள்ளே விடக்கூடாது. விட்டால் கட்டி கட்டியாகும். நிறம் மாறுவது 160 டிகிரிக்கு மேலேதான். தேன் நிறம் வந்தவுடன் அணைத்துவிட வேண்டும், சட்டியின் சூட்டிலேயே அது இன்னொரு படி சிவக்கும். நன்னாரி சர்பத் நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் கசப்பு நிச்சயம். பிறகு ஒரு கரண்டி வெண்ணெய், இரண்டு சிட்டிகை உப்பு, வறுத்த முந்திரி நூற்றைம்பது கிராம். கால் கரண்டி ஆப்ப சோடாவும் போட்டால் நுரைத்து எழும்பி, உள்ளே சிறு சிறு காற்றுத் துளைகளோடு மெதுவாக உடையும். முந்திரிக்கு அது பொருந்துகிறது. கடலை மிட்டாயில் சோடா போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

சர்க்கரையில் தண்ணீர் சேர்த்தே காய்ச்ச விரும்பினால் நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். புளிப்பு பட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடும். அந்தக் கலப்பு இருந்தால் பாகு மறுபடி சர்க்கரையாகப் பூப்பதற்கு வழியில்லை. வெல்லத்தில் அந்தக் கலப்பு முன்னமே இருக்கிறது. காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்வதற்கும் அதுவே காரணம். எங்கள் ஊர்க் காய்ந்த காற்றில் மாதக்கணக்கில் மொறுமொறுக்கும் மிட்டாய், சென்னையில் ஐப்பசி அடைமழையில் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் வியர்த்துவிடும். எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு இறுக மூட வேண்டும், மூடியதைப் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதைத் திறந்துவைப்பவர் யார் என்று எனக்குத் தெரியும். அத்தைக்கு ஏழாவது தட்டிலிருந்து சமாதானம் ஆகிவிட்டது. அவருக்கென்று அம்மியில் நுணுக்கிக் கொடுக்கிறேன்.

மகள் இப்போது பெங்களூரில் மூன்று தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். போன ஞாயிறு இரவு கூப்பிட்டு, "அப்பா, பாகு அடுப்பில் இருக்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, இறக்கவா?" என்றாள். பார்த்ததை என்னிடம் சொல்லாதே, போனைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு விடு, டம்ளரில் எறி என்றேன். "தட்." இன்னும் இரண்டு நிமிடம் என்றேன். மறுபடி "தட்." அடுத்ததாகக் கணீரென்று ஒன்று. இறக்கு என்று கத்தினேன். "அது கரண்டி அப்பா, கை தவறி விழுந்துவிட்டது" என்றாள். பிறகு மெல்லிசாக, சரியாக, அந்தச் சத்தம் கேட்டது. அணை, அணை என்றேன். அணைத்தாளா என்று தெரியவில்லை. போனெல்லாம் பிசுபிசுக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.