பரிசோதனைக்கு முன்

ஜூன் 4
மகளின் செவித்திறன் பரிசோதனைக்கு 19ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 6
மூடி போட்ட டப்பாக்கள், மரக்கரண்டி, துணித்துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு மகள் முன் வைத்தேன். கழிவறைக் காகிதச் சுருளின் நடுவே இருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் அளவுக்குச் சிறியவை தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அவற்றை முதலிலேயே விலக்கிவிட்டேன். இவ்வகை விளையாட்டைக் குழந்தைக் காப்பகங்களில் பரப்பிய எலினார் கோல்ட்ஷ்மீட், பெரியவர்கள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும் என்றார். ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வராத பிள்ளையின் அருகில் வாய்மூடி இருப்பது எவ்வளவு கடினம்! ஆனாலும் இருந்தேன். சிறிய மூடியைப் பெரிய டப்பாவின் வாயில் வைத்து அழுத்தினாள். அது உள்ளே விழுந்தது. எட்டிப் பார்த்தாள், டப்பாவைக் கவிழ்த்தாள், மூடியை எடுத்து அதே இடத்தில் மீண்டும் அழுத்தினாள். உள்ளே விழும் ஓசைக்காகச் செய்கிறாளா, விழுவதைப் பார்ப்பதற்காகவா?

ஜூன் 9
இன்றும் சொல் வரவில்லை.

ஜூன் 11
அகலமான பாத்திரத்தில் சிறிது தண்ணீரும் இரண்டு குவளைகளும் வைத்தேன். சில சென்டிமீட்டர் நீரே குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால் கையெட்டும் தூரத்தை விட்டு நகரவில்லை. அவள் ஊற்றும்போது "ஊற்று" என்றேன், நிறைந்ததும் "நிறைந்துவிட்டது" என்றேன். காலிக் குவளையை என் கையில் திணித்து என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் வேண்டும் என்று கேட்கிறாள்! கொடுப்பதும் சுட்டிக்காட்டுவதும் சொல்லுக்கு முன்னரே வருபவை. அவை இவளிடம் இருக்கின்றன.

ஜூன் 13
துணிக்கடியில் ஒலிக்கும் மணியை ஒளித்தேன், உடனே எடுத்துவிட்டாள். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பதை அவள் அறிந்திருக்கிறாள். குழந்தை உளவியலாளர் பியாஜே விரிவாக ஆராய்ந்த வளர்ச்சி இது. ஆனால் நான் ஒளித்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாளே, காது கேட்கிறது என்பதற்கு அது சான்றாகுமா? முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பதாலும் உறுதி கிடைக்காது, ஏனெனில் நிழலுக்கும் தரையின் அதிர்வுக்கும்கூடக் குழந்தைகள் திரும்புவார்கள். இனி விளையாட்டைச் சோதனையாக்க மாட்டேன். அது அவளுடைய நேரம்.

ஜூன் 14
கைதட்டவில்லை.

ஜூன் 17
படப்புத்தகத்தில் நாயைச் சுட்டினாள். அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்து, என் வாயசைவு தெரியும்படி "நாய்" என்றேன். பக்கங்களைத் தானே புரட்டி இன்னொரு நாயைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்தபடி எனக்காகக் காத்திருந்தாள். நாளை மறுநாள் கேட்க வேண்டியவற்றை எழுதிவிட்டேன்: சொல்லோடு கைச்சைகையையும் சேர்த்துக் கற்பிக்கலாமா, முடிவு வரும்வரை வீட்டில் எப்படிப் பேச வேண்டும், காதுக்குள் நீர் கோத்திருந்தாலும் இப்படி ஆகுமா.