உறுதி இல்லாத காணியும் உல்லாசப் பயணிகளும்: முள்ளியவளை நாட்குறிப்பு

10 ஜூன் 2025, செவ்வாய்

நேற்று இரவு வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல். இன்று, இலங்கையின் வடக்கில் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் முள்ளியவளை முழுக்க நித்திரை. றோட்டுக் கரையெல்லாம் கச்சான் கோதும் வெறும் தண்ணீர்ப் போத்தலும்தான்.

ஊருக்குப் புதியவர்களுக்காக ஒரு விளக்கம். பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னர் முல்லைத்தீவுத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுப்பார்கள். அதை எங்கள் ஊர்க் காட்டா விநாயகர் கோவிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். பிறகுதான் வற்றாப்பளையில் பொங்கல். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வரும். நடந்து வருகிறவர்கள், காவடியோடு வருகிறவர்கள், லண்டனிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள். கச்சான்காரர், பானை விற்கிறவர்கள், வளையல் கடை, ஓட்டோக்காரர் எல்லோருக்கும் இது ஒரு வருடத்துப் பெரிய வியாபாரம். அந்தக் காசில் பெரும்பகுதி எங்கள் வன்னிப் பகுதிக்குள்ளேயே நிற்கிறது.

சுற்றுலாக் கணக்கில் இந்தச் சனம் வராது. அங்கே எண்ணுவது விமான நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டு உள்ளே வரும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுகளை. 2024இல் அப்படி வந்தவர்கள் 20 இலட்சத்து 53 ஆயிரம் பேர். 2018இல் வந்த 23 இலட்சத்தை நாடு இன்னும் எட்டவில்லை என்ற கவலை தலைநகரில் பெரிதாக இருக்கிறது. கனடாவிலிருந்து தாயைப் பார்க்க வரும் மகனும் அந்த 20 இலட்சத்துக்குள் ஒரு உல்லாசப் பயணிதான்.

நான் ஜேர்மன் கடவுச்சீட்டோடு வதிவிட விசாவில் இங்கே தம்பி வீட்டில் இருக்கிறேன். பிறந்த ஊரில் வெளிநாட்டுக்காரி. இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் என்ற உரிமையில்தான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

15 ஜூன், ஞாயிறு

பக்கத்து வீட்டு மாமியின் பேரன் பெந்தோட்டையிலிருந்து வந்திருக்கிறான். அங்கே ஒரு ஹொட்டேலில் அறைகளைப் பார்க்கும் ‘ரூம் போய்’ வேலை. தென்கரையில் இப்போது கடல் கொந்தளிக்கும் காலம்; ஆள் குறைவு. பத்து வீத சேர்விஸ் சார்ஜில் பங்கு வருவதால் சீசனில் கை நிறையும், மே பிறந்தால் சம்பளம் மட்டும்தான் என்றான்.

இரவு குந்தில் இருந்து நெடுநேரம் கதைத்தான். “அக்கா, அங்க கடல் பொங்கிற நேரம் எங்கட கடல் குளம் மாதிரிக் கிடக்கு. நிலாவெளிக்கும் அறுகம்பேக்கும் இப்பதான் வெள்ளைக்காரர் வருகினம். இங்க ஒருத்தரும் இல்லை. நான் ரெண்டு ரூம் கட்டினால் என்ன?”

கேட்டதில் நியாயம் இருக்கிறது. முல்லைத்தீவும் கிழக்குக் கடல்தான். தெற்கு மூடும்போது இங்கே திறக்கும். பெடியனுக்கு விரிப்பு விரிக்கத் தெரியும், சிங்களம் தெரியும், ஆங்கிலம் சமாளிப்பான், கொஞ்சம் ரஷ்ய மொழியும் வரும். மாமியின் வளவில் கிணறு இருக்கிறது, நிழலுக்கு மா இருக்கிறது. இல்லாதது உறுதி, அதாவது சொந்தக் காணி என்பதற்கான பத்திரம். காணி அரசாங்கம் பேர்மிட்டில், அனுமதிப் பத்திரத்தில், கொடுத்த காணி. அதைக் காட்டிப் பெரிய கடன் எடுப்பது லேசுப்பட்ட வேலையில்லை. சரி, பேர்மிட்டாவது ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டேன். “அம்மம்மாட்டைத்தான் கேக்கவேணும்” என்றான்.

17 ஜூன், செவ்வாய்

இந்தியாவின் மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. கடற்கரையில் கதை முழுக்க அதுதான். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போனால் இங்கே ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்புப் போய்விடும். இரண்டு பக்கமும் தமிழர் என்பதால் இதைப் பேசாமல் விடுகிறவர்கள் புலம்பெயர் நாடுகளில் நிறையப் பேர். அவர்கள் ஒருநாள் இந்தக் கரைக்கு வந்து அறுந்த வலையைப் பார்க்க வேண்டும்.

28 ஜூன், சனி

நல்ல செய்தி. காணி வர்த்தமானிக்கு, அதாவது அரச இதழில் வந்த காணி அறிவித்தலுக்கு, உயர் நீதிமன்றம் நேற்று இடைக்காலத் தடை போட்டிருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்கு: மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி வந்தது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் நான்கு மாவட்டங்களிலும் 5,900 ஏக்கருக்கு மேல். அதில் முல்லைத்தீவில் மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல். உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் வந்து நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் அரச காணி. எத்தனையோ தரம் இடம்பெயர்ந்த சனத்திடம், சுனாமி கரையோரத்தையே கழுவிக்கொண்டு போன மாவட்டத்தில், பத்திரம் கொண்டுவா என்று மூன்று மாதத் தவணை. சொந்தக்காரர் பாதிப் பேர் வெளிநாட்டில். சிலர் உயிரோடு இல்லை; இறந்ததற்கும் பத்திரம் இல்லை.

இந்தச் செய்தியைச் சொல்லத்தான் மாமி வீட்டுக்குப் போனேன். கேட்டுவிட்டு அவர் உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்தார். பொலித்தீன் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் சீலைத் துண்டு, அதற்குள் பேர்மிட். மடித்த இடமெல்லாம் கிழிந்து நான்கு துண்டாகிவிட்டது. பின்பக்கம் ஒட்டிய செலோரேப் மஞ்சளாகிப் பொருக்காக உரிகிறது. ஊதா மை முத்திரையில் பாதி வட்டம்தான் மிச்சம். மாமாவின் பெயரில் முதல் எழுத்து நனைந்து அழிந்திருக்கிறது, ஊர்ப் பெயர் தெளிவாக இருக்கிறது.

“சண்டைக்குள்ள வெளிக்கிடேக்கை இதைத்தான் பிள்ளை முதலில எடுத்தனான். நகையைப் பிறகுதான் நினைச்சனான்.”

முள்ளியவளையிலிருந்து புதுக்குடியிருப்பு, பிறகு முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம் தாண்டி, இடம்பெயர்ந்தவர்களுக்கான மெனிக் பாம் முகாம். அத்தனை இடமும் அந்தப் பை மாமியின் இடுப்பில் போயிருக்கிறது. நகை நடுவிலேயே அரிசிக்குப் போய்விட்டது.

அலுவலகத்தில் காட்டினீர்களா என்று கேட்டேன். காட்டியிருக்கிறார். மூலப் பிரதி தெளிவில்லை, தங்களிடம் இருந்த கோப்பும் சண்டையில் போய்விட்டது என்றார்களாம். அரசாங்கம் தன் கோப்பைத் தொலைத்தால் அது போர். மாமியின் கடதாசி நனைந்தால் அது மாமியின் குறை. இதை எந்த அறத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பேரனின் இரண்டு அறையும் இங்கேதான் சிக்கி நிற்கின்றன.

11 ஜூலை, வெள்ளி

நேற்றுப் போயா, பௌர்ணமி விடுமுறை. தெற்கிலிருந்து பஸ்கள் வந்தன. கிளிநொச்சியில் விழுந்து கிடக்கும் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்து, புதுக்குடியிருப்பில் இராணுவ வெற்றித் தூபியைப் பார்த்து, முல்லைத்தீவுக் கடற்கரையில் வந்து நிற்பார்கள். சமைக்க அரிசியும் அடுப்பும் தாங்களே கொண்டுவருவார்கள். அவர்களும் வசதியில்லாத கமக்காரக் குடும்பங்கள்தான். பிள்ளைகள் கடலைக் கண்டவுடன் சட்டையோடு ஓடுகின்றன. அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

பேரன் சிங்களத்தில் கதைத்துப் பார்த்தான். நல்ல நண்டு சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்டார்களாம். கைகாட்ட அவனுக்கு ஒரு கடை இல்லை. நந்திக்கடல் களப்பு இறாலும் இந்தக் கரை நண்டும் ஐஸ் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போகின்றன. போர் முடிந்து சில வருடங்களுக்குள் நந்திக்கடல் ஓரத்தில் இராணுவம் ஒரு விடுதி கட்டியது; ஏ9 வீதியில் தேத்தண்ணிக் கடைகளும் அவர்களே நடத்தினார்கள். காணி, கட்டிடம், சம்பளம் எல்லாம் அரசாங்கத்தினுடையதாக இருக்கிறவரோடு மாமியின் பேரன் எப்படிப் போட்டி போடுவது?

தூபிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜேர்மனியில் நான் இருந்த நகரத்தில் போரில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவிடம் இருந்தது. ஊர்ச் சனமே வந்து பூ வைக்கும். இங்கே வென்றவரின் கல் வீதியோரம் நிற்கிறது. பிள்ளையைப் புதைத்த துயிலுமில்லத்தை, போரில் இறந்த புலிகளின் மயானத்தை, போருக்குப் பிறகு உழுது மட்டமாக்கினார்கள். பார்க்க வரும் சிங்களக் குழந்தைக்கு பாதிக் கதைதான் கிடைக்கிறது. சுற்றுலாவை வளர்ப்பது என்று தொடங்கினால், ஒரு தாய் தன் பிள்ளைக்கு விளக்கு வைக்கும் இடத்தையும் மதிக்க வேண்டும். பேரம் பேசும் விஷயமில்லை இது.

26 ஜூலை, சனி

நாற்பது நாட்டவர்களுக்கு விசாக் கட்டணம் இல்லை என்று அறிவித்திருக்கிறார்கள். ஜேர்மனி, கனடா, பிரித்தானியா எல்லாம் அதற்குள். நல்லது, குடும்பமாக வருகிறவர்களுக்குச் செலவு குறையும்.

ஆனால் ஒரு கணக்கை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். 2024இல் சுற்றுலாவால் நாட்டுக்கு வந்தது ஏறத்தாழ 317 கோடி டொலர். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பியது 650 கோடி டொலருக்கு மேல். இரண்டு மடங்கு. குவைத்தில் சமையலறையில் நிற்கும் பெண்தான் இந்த நாட்டுக்கு டொலர் கொண்டுவருகிறாள். எங்கள் ஒழுங்கையிலிருந்து மட்டும் மூன்று பேர் போயிருக்கிறார்கள், பிள்ளைகள் பாட்டிமாரிடம். அந்தப் பெண்களுக்கு வரவேற்பும் இல்லை, மாலையும் இல்லை.

2019இல் எடுத்த அரசாங்கக் கணக்கிலேயே முல்லைத்தீவில் 44.5 வீதமானவர்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே. நாட்டுச் சராசரி 14.3. அது 2022இன் நெருக்கடிக்கு முந்திய கணக்கு.

10 ஓகஸ்ட், ஞாயிறு

நல்லூர்த் திருவிழாக் காலம். கட்டுநாயக்காவில் வான் பிடித்து நேரே யாழ்ப்பாணம் போகிறவர்கள், நடுவில் ஒருநாள் வன்னிக்கும் வருகிறார்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் கனடாவிலிருந்து வந்து மத்தியானம் சாப்பிட்டார். சாப்பாட்டில் பாதி, கடற்கரையில் ஹொட்டேல் கட்டும் கதை.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் இங்கே காணி வாங்க முடியாது. பெற்றோர் வழியாக வந்தால் அது வேறு. நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கலாம், அல்லது இரட்டைக் குடியுரிமை எடுக்க வேண்டும். இதெல்லாம் அவருக்கும் தெரியும். “அப்ப உங்கட தம்பியின்ரை பேரில வாங்குவம்” என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சட்டம் எனக்கும்தான் தடை. ஆனாலும் அது இல்லாவிட்டால் இந்தக் கரை எப்போதோ யூரோவிலும் டொலரிலும் விலை போயிருக்கும், மீனவர் வள்ளம் இழுக்க இடம் தேடி அலைவார்கள். பாசிக்குடாவில் போருக்குப் பிறகு ஹொட்டேல்கள் வரிசையாக எழும்பியபோது, அங்கத்தைய மீனவர்களுக்கு வள்ளம் விடும் கரை சுருங்கியதை நாங்கள் பார்த்தோம்தானே.

அவருக்கு நான் சொன்னது வேறு. பக்கத்து வளவில் ஒரு பெடியன் தொழில் தெரிந்து நிற்கிறான். இரண்டு அறைக்குக் கடன் கொடுங்கள், வருடா வருடம் வரும்போது அங்கே தங்குங்கள், யாழ்ப்பாண ஹொட்டேலுக்குக் கொடுக்கும் காசை அவனுக்குக் கொடுங்கள். யோசிப்பதாகச் சொன்னார். முகத்தைப் பார்த்தால் யோசிப்பார் என்றுதான் படுகிறது.

3 செப்டெம்பர், புதன்

நேற்று ஜனாதிபதி முல்லைத்தீவுக்கு வந்து வட்டுவாகல் பாலத்துக்கான வேலையைத் தொடக்கிவைத்தார்.

பழைய பாலத்தைத் தெரியாதவர்களுக்கு: ஒரு வாகனம் மட்டும் போகும் அகலம். எதிரே லொறி வந்தால் இந்தக் கரையில் காத்து நிற்க வேண்டும். மாரியில் நந்திக்கடல் நிரம்பினால் தண்ணீர் பாலத்துக்கு மேலாலும் பாயும். 2009 மே மாதம் உயிர் தப்பியவர்கள் ஆயிரம் ஆயிரமாக அதன் மேல்தான் நடந்து வந்தார்கள். அகலமான புதிய பாலம் கட்டாயம் வேண்டும். நோயாளியைக் கொண்டுபோகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எத்தனை வருடம் கேட்டது.

பாலம் வந்தால் பின்னால் மற்றதும் வரும். புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து கடற்கரைக்குப் பஸ் விரைவாக வரும், காணி விலை ஏறும், கொழும்பிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஆட்கள் வந்து வேலிக்கு வெளியே நின்று படம் எடுப்பார்கள். மார்ச் வர்த்தமானியை அரசாங்கம் திரும்பப் பெற்றுவிட்டது என்பதற்காகச் சும்மா இருக்க முடியாது. கிழிந்த பேர்மிட் கிழிந்தபடிதான் இருக்கிறது. பாலம் திறக்கும் நாளுக்கு முன்னர், இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பத்திரங்கள் சரிசெய்யப்பட வேண்டும்: அலுவலகம் தொலைத்த கோப்புக்குச் சனத்தைத் தண்டிக்காமல், அயலவர் சாட்சியையும் பழைய வாக்காளர் இடாப்பையும் பங்கீட்டு அட்டையையும் ஏற்று. இது முதலில், விடுதியும் விளம்பரமும் பிறகு.

இதைத்தான் கடிதமாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். தமிழில் முடிந்துவிட்டது, சிங்களத்துக்கு மாமியின் பேரன் உதவுகிறான். எங்கள் ஒழுங்கையில் பேர்மிட் பழுதான வீடுகள் எல்லாவற்றிலும் கையெழுத்து எடுக்க வேண்டும். மாமி தானும் கூட வருவதாகச் சொல்கிறார். யார் யார் எந்தக் குடியேற்றத்தில் எப்போது காணி எடுத்தார்கள் என்று அவருக்குத்தான் மனப்பாடம். நாளை காலை வெயில் ஏறமுன் தொடங்குகிறோம்.