வேர்த்த ஐஸ்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் நைனா முப்பது வருடம் வேலை பார்த்தார். நான் கனடாவில் ஒரு விமான நிலையத்தில் பதினோரு குளிர்காலம் ரன்வேயைச் சோதித்து, அதன் நிலையைக் கண்ட்ரோல் டவருக்குச் சொல்லும் வேலை செய்தேன். அந்த வேலையில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் நைனாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இந்த முறை ஊருக்கு வந்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

ரன்வேயை நீளவாக்கில் மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் 6-லிருந்து 0 வரை ஓர் எண் கொடுப்போம். காய்ந்த தளம் 6. வெறும் ஈரம் என்றால் 5. பனி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் 3. அதே அளவு தண்ணீரோ, சொதசொதவென்று கரைந்த பனியோ கிடந்தால் 2. ஐஸ் 1. ஐஸின் மேல் தண்ணீர் நின்றால் 0, அதில் விமானம் இறங்கவே கூடாது. 2021-ல் உலகம் முழுக்க ஒரே முறையாக வந்த கணக்கு இது. விமானி இந்த எண்ணை வைத்துத்தான் தன் விமானம் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று பார்க்கிறார்.

குளிர் கூடினால் ஆபத்தும் கூடும் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இறுகிய பனிக்கு மைனஸ் 15 டிகிரியிலும் அதற்குக் கீழேயும் 4 கொடுக்கலாம். அதே பனிக்கு அதைவிடச் சூடு ஏறினால் 3 தான். பூஜ்யத்தை நெருங்கும் இரவுகள்தான் எங்களுக்குப் பயம்.

அப்படி ஒரு பிப்ரவரி இரவு. மைனஸ் 3-ல் இருந்த வெப்பநிலை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பனியை அள்ளி முடித்திருந்தார்கள். மேலே விமானங்கள் காத்துக்கொண்டு வட்டமடித்தன. முதல் இரண்டு பங்கிலும் வண்டியை விட்டு இறங்கிப் பார்த்தேன். கடைசிப் பங்கை வண்டியில் போனபடியே பார்த்துவிட்டு, "மூன்று, மூன்று, மூன்று" என்று சொல்லிவிட்டேன். முதலில் இறங்கிய விமானத்தின் விமானி, கடைசியில் பிரேக் பிடிக்கவே இல்லை என்று ரேடியோவில் சொன்னார். ரன்வே முடிவதற்குச் சற்று முன்னால்தான் விமானம் நின்றது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. உடனே ரன்வேயை மூடச் சொல்லிவிட்டு அந்த இடத்துக்குப் போய் இறங்கி, கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன். மெல்லிய ஐஸ், அதன் மேல் தூறல் தண்ணீர். நான் 3 என்று சொன்ன இடம் 0.

அன்றிரவு எனக்கு சிகாகோதான் நினைவில் இருந்தது. 2005 டிசம்பர் 8 அன்று மிட்வே விமான நிலையத்தில் பனியில் இறங்கிய ஒரு போயிங் 737, ரன்வேயைத் தாண்டி, வேலியை உடைத்துக்கொண்டு சாலைக்குப் போய்க் காரில் மோதியது. காரில் இருந்த 6 வயதுச் சிறுவன் இறந்துபோனான். என்ஜின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸ் த்ரஸ்டை விமானி தாமதமாகப் பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்றது விசாரணை. பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று அன்று வந்த தகவல்களும் ஒரே மாதிரி இல்லை. ரன்வேயின் நிலையை இப்போது பங்கு பங்காகச் சொல்கிறோமே, அதற்குப் பின்னால் அந்தப் பையனும் இருக்கிறான். அதனால்தான் அவசரத்தில் சொன்ன ஓர் எண்ணை என்னால் சின்னத் தவறு என்று விட முடியவில்லை.

இதையெல்லாம் தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் நைனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "உப்பு போட மாட்டீங்களா?" என்று கேட்டார். ஐஸ் கம்பெனித் தொட்டியில் உப்புத் தண்ணீரோடு இருந்தவர், கேட்கத்தானே செய்வார். போட்டால் விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும், அதனால் ஐஸைக் கரைக்க பொட்டாசியம் ஃபார்மேட் போன்ற ரசாயனங்களைத் தெளிப்போம் என்றேன். கடல் காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார்.

அப்புறம் சொன்னார்: "காஞ்ச ஐஸு கைல ஒட்டும்டா. வேர்த்த ஐஸு கொக்கிக்கே அடங்காது. எங்க கம்பெனில புதுசா வர்ற பையனுக்கே மொத நாளு இதத்தான் சொல்லுவோம்."

தங்கை, தான் வந்த விமானம் தொம்மென்று இறங்கியதைச் சொல்லி விமானியைக் குறை சொன்னாள். அன்று இங்கே நல்ல மழை. ஈர ரன்வேயில் பூப்போல இறக்கினால்தான் தப்பு என்றேன். சக்கரம் தண்ணீரை அழுத்தி விலக்கித் தரையைப் பிடிக்க வேண்டும், சட்டென்று சுழலவும் வேண்டும். மீனம்பாக்கத்தில் பனி விழாது, சரி. ஆனால் ஐப்பசி மழையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் தேங்கினால் அங்கேயும் அதே 2 தான்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு நைனா என்னைக் காசிமேட்டுக்குக் கூட்டிப்போனார். படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குளிர் அறையிலிருந்து அப்போதுதான் வந்த ஐஸ் பார் மேல் கையை வைக்கச் சொன்னார். ஒட்டியது. வாசல் விளக்கடியில் கொஞ்ச நேரமாகக் கிடந்த இன்னொரு பார் மேல் வைத்தேன். கையுறையைக் கழற்றிய அந்த இரவில் விரலில் பட்ட அதே வழுவழுப்பு.