எபிலாக்கில் குழந்தை வராத ஒரு காதல் கதை

நாவலின் பதினொன்றாம் அத்தியாயத்தில் வந்து மூன்று மாதம் நின்றுவிட்டேன். கதைப்படி நாயகனுக்கும் நாயகிக்கும் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. டாக்டர் இருவருக்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த காட்சியில் நாயகன் ஒரு சின்ன அறைக்குள் போய், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பியோடு வெளியே வர வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாடகை நூலகத்தில் குடும்ப நாவல் எடுத்துப் படித்தவள் நான். குழந்தை இல்லாத ஜோடியைப் பற்றி எத்தனையோ கதை படித்திருக்கிறேன். அந்த அறைக்குள் போன ஒரு நாயகனை நான் சந்தித்ததே கிடையாது.

அந்தக் கதைகளில் எல்லாம் டெஸ்ட் நாயகிக்குத்தான். "குறை அவளிடம்" என்று ஒரு டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். அவள் அழுவாள், வீட்டை விட்டுப் போவாள், அவன் தேடி வருவான். கடைசியில் எபிலாக் என்று ஒரு பகுதி, அதில் இரட்டைக் குழந்தைகள். நடுவில் இருக்கும் ஊசியும் ஸ்கேனும் காத்திருப்பும் இரண்டு பத்தியில் முடிந்துவிடும். அதையெல்லாம் நான் ரசித்துத்தான் படித்தேன். என் கல்யாணம் 2016-ல். 2022-ல் நாங்களே அந்த நடுப்பகுதிக்குள் நுழைந்த பிறகுதான், என் வாழ்க்கையிலேயே அதிகம் காதலிக்கப்பட்ட நாட்கள் அவை என்று எனக்குத் தெரிந்தது. அதை யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது. சரி, நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

எங்களுக்குத் தஞ்சாவூர். நான் தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். அவர் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். சிகிச்சை திருச்சியில். ஸ்கேன் இருக்கும் நாளில் காலை ஐந்தரை பஸ். துவாக்குடி தாண்டும்போது நன்றாக விடிந்திருக்கும். அவர் கடை திறக்கவும் நான் இரண்டாம் பீரியடைப் பிடிக்கவும் திரும்பி ஓடி வர வேண்டும். அந்தப் பயணங்களில் அன்றன்றைக்கு நடந்ததை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வந்தேன். என்ன ஊசி, எத்தனை மணி, கருமுட்டைப் பை எத்தனை மில்லிமீட்டர். டாக்டர் கேட்டால் சொல்வதற்காக எழுதியதுதான். பிறகு அதுதான் நாவலின் முதுகெலும்பாக ஆனது.

பதினொன்றாம் அத்தியாயத்தை எழுத அவரிடம் கேட்காமல் முடியாது என்று புரிந்தபோது ஒரு ராத்திரி கேட்டேன். "ஏங்க, அந்த ரூம்ல என்ன இருந்துச்சு?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். தாழ்ப்பாள் சரியாக விழவில்லையாம். வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். சுவரில் ஒரு சாமி காலண்டர் இருந்ததாம். "அதைத் திருப்பி வச்சேன். வெளியே நீ பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தது மட்டும்தான் ஞாபகத்துல ஓடுச்சு" என்றார். மறுநாள் காலையில் அந்த அத்தியாயம் முழுவதையும் எழுதி முடித்தேன். காலண்டரை எழுதட்டுமா என்று தனியாக ஒருமுறை கேட்டுக்கொண்டேன். எழுது என்றார்.

அவருடைய முதல் ரிப்போர்ட்டில் ஒரு மில்லி விந்தில் 50 லட்சம் விந்தணு என்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்ய மாட்டோம், விந்தணு உருவாகி வர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுப்போம் என்றார் டாக்டர். மறுபடியும் அதே அளவுதான். என் ரிப்போர்ட்டில் சொல்லும்படி எதுவும் இல்லை. ஆறு வருஷமாக "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று என்னைக் கேட்டவர்கள் ஒருவர்கூட அவரைக் கேட்டதில்லை. மலடி என்ற சொல்லை நான் காதால் கேட்டிருக்கிறேன். மலடன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது, தெருவில் யார் வாயிலிருந்தும் வந்து நான் கேட்டதில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அத்தை முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, குறை என்கிட்டதான். இனிமே யாரும் அவள ஒரு வார்த்தை கேக்கக் கூடாது" என்றார். அத்தை தலை நிமிரவில்லை, கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் நெய் மந்திரித்து வாங்கி வந்திருந்தார். 48 நாள் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சாப்பிட வேண்டிய நெய் அது. ஆனால் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி அத்தை முதலில் அவர் தட்டில் ஒரு ஸ்பூன் வைத்தார். பிறகு என் தட்டில். யாரும் எதுவும் பேசவில்லை. நாவலில் இந்தக் காட்சியை வரி மாற்றாமல் அப்படியே வைத்தேன். ஒரு ஆண் தன் அம்மாவிடம் இதைச் சொல்வதைவிடப் பெரிய காதல் வசனம் எனக்குத் தெரியவில்லை.

ஊசி அத்தியாயங்கள் தானாக வந்தன. மாதவிலக்கின் இரண்டாம் நாளில் ஆரம்பித்துப் பத்து, பன்னிரண்டு நாள் வயிற்றில் போடும் ஹார்மோன் ஊசி. நர்ஸ் ஒரே ஒருமுறைதான் காட்டிக் கொடுத்தார். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்து, நேராக இறக்க வேண்டும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு வருவார். கிரீஸ் போக சோப்பு போட்டு மூன்று தடவை கை கழுவுவார். ஊசி உள்ளே போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது அவர்தான். எடுத்த பிறகுதான் விடுவார். அந்த மூச்சை வைத்து நாயகனின் மொத்தக் குணத்தையும் எழுதினேன். எழுதும்போது அவன் பேசவே தேவைப்படவில்லை.

கஷ்டமான அத்தியாயம் வேறொன்று. முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி உள்ளே வைக்கும் ஐவிஎஃப்புக்கு முன்னால் ஒரு வருஷம் நாள் பார்த்துச் சேரச் சொன்னார்கள். 12, 14, 16 என்று நோட்டில் வட்டம் போட்டு வைப்போம். கடையில் கணக்குத் தகராறு, எனக்குப் பேப்பர் திருத்தும் வேலை, இருந்தாலும் இன்றைக்குப் பதினாலாம் நாள். கொஞ்ச மாதத்தில் ஒருவரையொருவர் தொடுவதற்கே பயப்பட ஆரம்பித்தோம். காதல் கதையில் இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு முறை அடித்தேன். கடைசியில் நடந்ததையே எழுதினேன். ஒரு பதினாலாம் நாள் ராத்திரி மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்து, ரொம்ப நேரம் பேசிவிட்டு அப்படியே தூங்கிப்போனோம். மறுநாள் காலையில் நோட்டில் அந்த வட்டத்தை அவரே அடித்துவிட்டார். அந்த மாதம் வீணாகப் போனதாக இருவருக்கும் தோன்றவே இல்லை.

முதல் வரைவில் நிறைய தப்பு. இருபது வருஷம் மகப்பேறு வார்டில் வேலை பார்த்த ஒரு அக்காவிடம் கொடுத்தேன். பென்சிலால் பக்கம் பக்கமாகத் திருத்தினார். கருவை உள்ளே வைத்த மூன்றாம் நாளே நாயகிக்கு மசக்கை வந்ததாக எழுதியிருந்தேன், அதை வெட்டினார். கருமுட்டை எடுப்பதற்கு 36 மணி நேரம் முன்னால் போடும் ஊசிக்கு நேரம் குறிப்பிடாமல் விட்டிருந்தேன். "ராத்திரி பத்தரைன்னா பத்தரைதான், பதினொண்ணு ஆகக் கூடாது. இதுல எவ்வளவு பதற்றம் இருக்கு, நீ விட்டுட்டியே" என்றார். உண்மைதான். பத்தரை மணி ஊசிக்காக ஒரு கல்யாண ரிசப்ஷனிலிருந்து பாதியில் எழுந்து வந்தவர்கள் நாங்கள். அந்தக் காட்சி உள்ளே போனது.

அந்த அக்கா சொன்ன இன்னொரு விஷயம் நாவலையே திருப்பிப் போட்டது. அந்தப் பத்தரை மணி ஊசியில் பெரும்பாலும் இருப்பது எச்சிஜி, கர்ப்ப டெஸ்ட் பட்டை தேடுகிற அதே ஹார்மோன். பத்துப் பதினாலு நாள்வரைகூட அது உடம்பில் தங்கலாம். கருவை உள்ளே வைத்த பிறகு பதினாலு நாள் காத்திருக்கப் பொறுக்காமல் அவசரப்பட்டு வீட்டில் டெஸ்ட் செய்தால், இரண்டு கோடு வந்தாலும் அது பொய்யான கோடாக இருக்கலாம். என் நாயகி ஆறாம் நாள் விடிகாலையில் யாருக்கும் தெரியாமல் டெஸ்ட் செய்கிறாள். இரண்டு கோடு. அவனை எழுப்பிக் காட்டுகிறாள். ஒரு வாரம் அந்த வீட்டில் சந்தோஷம். பிறகு ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வருகிறது. அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அவன், "அந்த ஒரு வாரம் நமக்குக் கிடைச்சதுதானே, அதை யாருகிட்டயும் திருப்பிக் குடுக்க வேண்டாம்" என்கிறான். இந்த வசனம் மட்டும் முழுக்கக் கற்பனை. என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "நான் இவ்வளவு நல்லாப் பேசியிருக்க மாட்டேன்" என்றார். அவர் பேசாமல் செய்ததைத்தான் நான் வசனமாக்கினேன் என்று சொன்னேன்.

எழுதும் காலத்தில் தேடித் தேடிப் படித்ததில் ஒன்று நெஞ்சிலேயே நிற்கிறது. உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை இங்கிலாந்தில் 1978 ஜூலை 25-ல் பிறந்தது. அதற்கு 70 நாளில், அக்டோபர் 3-ல், கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் எடுத்த இதே முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்று அந்தக் குழந்தையை அழைத்தார்கள். விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகவும் விடவில்லை. 1981-ல் தற்கொலை செய்துகொண்டார். பல வருஷம் கழித்து, 1986-ல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் குழந்தை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த முயற்சியில் பங்கெடுத்த விஞ்ஞானி டி.சி. ஆனந்த குமாரே கொல்கத்தாக் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதலாவது சுபாஷ்தான் என்று எழுதினார். இதை நாயகி ராத்திரியில் படிப்பதாக ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். கதையை விட்டு வெளியே நின்றது. மனசில்லாமல் எடுத்தேன். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எடுத்தது 11 முட்டை. முதிர்ந்தது 8. விந்தணு குறைவு என்பதால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு அணுவை ஊசியால் செலுத்தும் இக்ஸி முறை. கருவானது 6. ஐந்தாம் நாள்வரை வளர்ந்தது 3. மூன்றையும் உறைய வைத்தார்கள். முதலாவதை வைத்தது பலிக்கவில்லை. இரண்டாவதற்குப் பதினாலாம் நாள் பீட்டா எச்சிஜி 42 என்று வந்தது. 48 மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டும். 19 ஆனது. அந்த இரண்டு நாளைப் பற்றி நாவலில் ஒரு வரிகூட இல்லை. எழுத முடியவில்லை. செலவு எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். என் ஆரம் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

2024-ல் நாவல் முடிந்தது, 34 அத்தியாயம். முதலில் அனுப்பிய பதிப்பகத்தில் படித்துவிட்டு, எழுத்து நன்றாக இருக்கிறது, எபிலாக்கில் ஒரு குழந்தையை வைத்துவிடுங்கள், வாசகிகள் மனம் நிறைந்து மூடுவார்கள் என்றார்கள். முடியாது என்றேன். அப்படியானால் தத்து எடுப்பதாக வையுங்கள் என்றார்கள். அதற்கும் மனசு வரவில்லை. தத்து எடுப்பது தனியாக ஒரு பெரிய முடிவு. அதற்கென்று பதிவு, வீட்டு விசாரணை, வருஷக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் உண்டு. என் கதையை முடித்து வைப்பதற்காகக் கடைசி இரண்டு பக்கத்தில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து உட்கார வைப்பது அந்தக் குழந்தைக்கும் அழகில்லை. இரட்டைக் குழந்தை எபிலாக்கைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தபடி நான் உட்கார்ந்திருந்த ராத்திரிகள் உண்டு. அந்தக் கதையின் காதல் ஜெயித்ததற்கு அத்தாட்சி குழந்தைதான் என்றால், என் காதலுக்கு என்ன அர்த்தம் என்று நினைத்திருக்கிறேன். இன்னொருத்தியை அப்படி உட்கார வைக்க எனக்குச் சம்மதமில்லை.

பிரதி திரும்பி வந்தது. ஏழு மாதம் கழித்து வேறொரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அங்கே இருந்த பெண் ஆசிரியர் முடிவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உங்கள் நாயகன் எல்லாவற்றையும் தாங்குகிறான். அவனுக்குப் பயமே கிடையாதா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவரிடம் கேட்டேன். "நீ என்ன விட்டுப் போயிடுவியோன்னு ஒவ்வொரு ரிப்போர்ட் வாங்கும்போதும் நெனப்பேன்" என்றார். எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. இருபத்து மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். நாவலில் எனக்குப் பிடித்த அத்தியாயம் இப்போது அதுதான்.

மூன்றாவது கரு இன்னும் திருச்சியில் நைட்ரஜன் தொட்டியில் இருக்கிறது. 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பத்து வருஷம்வரை வைத்திருக்கலாம். வருஷா வருஷம் பணம் கட்டிப் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நாவலின் கடைசிக் காட்சியும் அந்தப் படிவம்தான். நாயகன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நாயகியிடம் கொடுக்கிறான். அவள் போடுகிறாளா என்று நான் எழுதவில்லை.

போன மாதம் எங்களுக்கான தேதி வந்தது. ஐந்தரை பஸ்ஸிலேயே போனோம். அவர் கையெழுத்துப் போட்டார். அப்புறம் நான் போட்டேன். திரும்பும்போது ஜன்னலோரம் அவருக்கு. துவாக்குடி வருவதற்குள் என் தோளில் தூங்கிவிட்டார். வல்லம் தாண்டியதும் எழுப்பினேன்.