பிள்ளையார் சுழியில ஆரம்பிச்ச பாடத்திட்ட வேல

காரைக்குடி பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில தமிழ்த்துறையில இருக்கேன், கல்லூரி பேரு வேணாம். பி.ஏ. தமிழ் பட்டம் வாங்கணும்னா என்னென்ன தாள் முடிக்கணும், எதுக்கு எத்தன கிரெடிட், எது கட்டாயம் எது விருப்பம்ங்குறத மாத்தி எழுதுற வேல போன வருசம் என் தலையில விழுந்துச்சு. வேற துறையில, வேற ஊருல இதே வேலைய பாத்துக்கிட்டு இருக்கவங்களுக்கு உதவுமேன்னுதான் எழுதுறேன்.

இதுக்கெல்லாம் காரணம் நான் குடியிருக்குற வீட்டு ஆச்சி. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு நீளமா கெடக்குற வீடு, ஆச்சி ஒத்த ஆளு, பின்கட்டுல ஒரு பக்கத்த எனக்கு வாடகைக்கு விட்ருக்காங்க. ஒரு நாளு அலமாரிய ஒழிக்கும்போது அவங்க அப்பச்சி காலத்து பேரேடு ஒண்ணு கெடச்சுச்சு, பர்மா கணக்கு. என்கிட்ட நோட்ஸ் வாங்க வந்த மூணாம் வருசத்துப் பொண்ணு அத புரட்டி பாத்துட்டு "ஏம்மா, ஒவ்வொரு வரிக்கும் பிள்ளையார் சுழி போட்ருக்காங்களே, அவ்வளவு பக்தியா"ன்னு கேட்டுச்சு. எனக்கு சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல. அது சுழியே இல்ல, தமிழ் எண்ணுல 2ங்குறது ௨, பாக்க பிள்ளையார் சுழி மாதிரியே இருக்கும். ஆச்சி எட்டாவது வரைக்கும்தான் படிச்சவங்க, கண்ணாடிய மாட்டிக்கிட்டு முக்காணி, மாகாணி, முந்திரி எல்லாத்தையும் கடகடன்னு படிச்சாங்க. எல்லாம் பழைய பின்னக் கணக்கு, மாகாணின்னா 16ல ஒண்ணு, காணின்னா 80ல ஒண்ணு, முந்திரின்னா 320ல ஒண்ணு. அந்தப் பொண்ணு எங்க துறையில மொத மார்க்குங்க.

இத துறைக் கூட்டத்துல சொன்னேன். அதுதான் நான் பண்ணின தப்பு, "நீங்களே மாத்தி ஒரு வரைவு கொண்டாங்கம்மா"ன்னுட்டாரு எங்க துறைத்தலைவர் அய்யா.

வெளியில இருக்கவங்களுக்கு கணக்கு சொல்லிடுறேன். எங்க பி.ஏ.வுக்கு 6 செமஸ்டர், 140 கிரெடிட், வாரத்துக்கு 30 மணி நேரம். பகுதி 1 மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3தான் நம்ம முதன்மைத் தாளும் சார்பு தாளும், பகுதி 4, 5ல திறன், சுற்றுச்சூழல், விரிவாக்கம்னு சில்லறை. 140 அசையாது. அதனால ஒண்ணு உள்ள வரணும்னா ஒண்ணு வெளிய போகணும், வெளிய போற தாள நடத்துற ஆளு நம்ம பக்கத்து நாற்காலியில உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருப்பாரு. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு காட்டணும், தாள் போனா மணி போச்சு, மணி போனா அந்த பணியிடமே தேவையான்னு எவனாவது கேப்பான். பாடத்திட்டச் சண்ட எல்லாம் மேலுக்கு தொல்காப்பியமா நன்னூலான்னு தெரியும், அடியில இந்த 16தான் ஓடிக்கிட்டு இருக்கும். இது புரியவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

மொத வரைவுல நான் பண்ணினது என்னன்னா புதுசு புதுசா தாள் சேத்தது. கீழடி சேத்தேன் (நம்ம சிவகங்கை மாவட்டமாச்சே, விடுவேனா), கணினித்தமிழ ரெண்டா பிரிச்சேன், சுவடியியல் சேத்தேன். கூட்டிப் பாத்தா 158 கிரெடிட். அய்யா பாத்துட்டு ஒரு வார்த்தையும் சொல்லல, ஒரு பிள்ளைய கூப்பிட்டு குறுந்தொகையில கபிலர் பாட்டு ஒண்ண எடுத்து குடுத்தாரு. "வேரல் வேலி வேர்க்கோட் பலவின்". வேர்க்கோட்பலவ பிரிச்சு சொல்லுப்பான்னாரு. பையன் முழிக்கிறான். சரி, ள் முன்னாடி வல்லினம் வந்தா என்ன ஆகும்னு கேட்டதும் "லளவேற் றுமையில் றடவும் அல்வழி"ன்னு நன்னூல் நூற்பாவ மூச்சு விடாம முழுசா ஒப்பிச்சான். திருப்பி அதே சொல்ல காட்டுனா அப்பவும் முழிக்கிறான். கோள் + பலவுன்னு, வேர்ல குலை குலையா காய்க்கிற பலான்னு, அவன் ஒப்பிச்ச விதியிலயே விட இருக்கு. வேரல்னா சின்ன மூங்கில், அவன் வேருன்னே நெனச்சுக்கிட்டான்.

"இவனுக்கு நீங்க இன்னும் நாலு தாள் சேத்தா நாலு தாளையும் ஒப்பிப்பான்"ன்னாரு அய்யா. அதுல எனக்கு தூக்கம் போச்சு.

அப்ப எங்க துறையில சின்னவரு ஒருத்தர், நல்லா படிக்கிறவரு, ஒரு கேள்விய கெளப்புனாரு. 2021ல அமெரிக்காவுல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல கிளாசிக்ஸ் (பழைய கிரேக்க, ரோமானியப் படிப்பு) பட்டத்துக்கு கிரேக்கமோ லத்தீனோ படிச்சே ஆகணும்ங்குற கட்டாயத்தயே எடுத்துட்டாங்க, நாம மட்டும் ஏன் மூலத்த புடிச்சுக்கிட்டு தொங்கணும், வரலாறு பண்பாடுன்னு நடத்துனா பிள்ளைக நெறைய சேருமேன்னு. நியாயமான கேள்விதான், அங்கயும் அதுக்கு ரெண்டு பக்கமும் பேசுனாங்க. ஆனா அய்யா சொன்ன பதில் எனக்கு இன்னும் காதுல நிக்கிது. அங்க வர்ற பிள்ளைக்கு கிரேக்கம் தெரியாதுன்னு அந்த பிள்ளைக்கும் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும். இங்க வர்ற பிள்ளைக்கு தமிழ் தெரியும்னு எல்லாரும் நெனச்சுக்கிறோம், அதுனால சங்கத் தமிழ படிக்க யாரும் கத்துக்குடுக்குறதே இல்ல, நேரா உரையில போயி எறங்கிடுறோம்னாரு.

அதுக்கப்புறம் வரைவ கிழிச்சுட்டு வேற மாதிரி எழுதுனோம். புதுத் தாள் ரெண்டே ரெண்டு. ஒண்ணு மூல வாசிப்பு, மொத செமஸ்டர்ல இருந்து நாலாவது வரைக்கும் தொடர்ந்து, ஒவ்வொண்ணும் சின்னதா. இலக்கணத்த தனித்தாளா ஒரே மூச்சுல முடிக்காம இதோட பிணைச்சோம். பாட்டுல என்ன வருதோ அந்த நூற்பாவ அன்னைக்கு படிக்கிறது. பரீட்சையில வகுப்புல நடத்தாத பாட்டு ஒண்ணு வரும், அகராதி கையில வச்சுக்கலாம், பதம் பிரிச்சு பொருள் எழுதணும். நன்னூலும், யாப்பு சொல்ற காரிகையும் போகல, ஆனா காரிகைக்கு இருந்த மணி நேரம் கொறஞ்சுச்சு. காரிகை நடத்துற அய்யா என்கிட்ட மூணு வாரம் பேசல, இப்ப பேசுறாரு.

ரெண்டாவது தாளுக்குத்தான் பெரிய ரகள. பாடத்திட்டக் குழுன்னா வெறும் துறை ஆளுங்க மட்டும் இல்ல. கல்விக்குழு நியமிக்கிற வெளி வல்லுநர் ரெண்டு பேரு, துணைவேந்தர் தரப்புல ஒருத்தர், பழைய மாணவர் ஒருத்தர், தொழில்துறை ஆள் ஒருத்தர்னு இருக்கணும். தமிழுக்கு என்ன தொழில்துறைன்னு ஆபீஸ்ல சிரிச்சாங்க, நாங்க பக்கத்து ஊரு அச்சக முதலாளிய கூட்டியாந்தோம். கூட்டத்துல உருப்படியா பேசினதே அவருதான். "எம்.ஏ. தமிழ் முடிச்சு வர்றவங்க கல்யாணப் பத்திரிகையில சந்திய எங்க போடுறதுன்னு என்னைய கேக்குறாங்க"ன்னாரு.

ரகள எங்க வந்துச்சுன்னா வெளி வல்லுநர் ஒருத்தர் கேட்டாரு, செம்மொழி படிக்கிற பிள்ளைக்கு இன்னொரு செம்மொழி தெரிய வேணாமான்னு. 2004ல தமிழ், அடுத்த வருசம் சமஸ்கிருதம், அப்புறம் தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா, 2024ல பாலி, பிராகிருதம் எல்லாம் சேந்து இப்ப 11 செம்மொழி ஆச்சு, ஒண்ணாவது கட்டாயம் ஆக்குங்கன்னாரு. இன்னொருத்தர் எந்திரிச்சே நின்னுட்டாரு, இது எங்க போயி முடியும்னு எங்களுக்கு தெரியும்னு. அரை மணி நேரம் சத்தம், சாப்பாடு ஆறிப்போச்சு. ரெண்டு பேரு சொன்னதுலயும் கொஞ்சம் நியாயம் இருந்துச்சு, ஆனா யாரு நடத்துறதுன்னு ரெண்டு பேருமே கேக்கல. எங்ககிட்ட ஆளு இல்ல.

கடைசியில வழிய காட்டுனது பழைய மாணவரா வந்த பொண்ணு. மொழிய விடுங்க, எழுத்த கத்துக்குடுங்கன்னுச்சு. நம்ம கோயில் கல்வெட்டு நெறைய ஸ்வஸ்திஸ்ரீன்னு கிரந்த எழுத்துலதான ஆரம்பிக்குது, பிள்ளையார்பட்டி குடைவரையில பெருந்தச்சன் பேரு வெட்டியிருக்குறது தமிழிக்கும் (தமிழ் பிராமின்னும் சொல்வாங்க) வட்டெழுத்துக்கும் நடுவுல நிக்கிற எழுத்து, குன்றக்குடி மலையில தமிழி இருக்கு, எல்லாம் டவுன் பஸ் தூரம், தமிழி, வட்டெழுத்து, கிரந்தம், கூடவே தமிழ் எண்ணும் பின்னமும்னு ஒரு தாள் வைங்கன்னுச்சு. எல்லாரும் அமைதி. பேரு 'எழுத்தியலும் கள வாசிப்பும்', 4 கிரெடிட், கட்டாயம். ஆச்சியோட பேரேடு பாடத்துக்குள்ள வந்துருச்சு.

கல்விக்குழுவுல ஒரே ஒரு கேள்விதான், வேதியியல் பேராசிரியர் கேட்டாரு, இதெல்லாம் படிச்சா வேல கெடைக்குமான்னு. கோவம் வந்துச்சு, ஆனா பிள்ளைகளும் அதத்தான் கேக்குதுக. குரூப் 4ல 200 கேள்வியில 100 தமிழ், அதுல 40 சதவீதம் எடுக்கலன்னா மிச்ச தாள திருத்தவே மாட்டாங்க, பிரித்து எழுதுகன்னு நேராவே கேள்வி வருதுன்னு பதில் சொன்னேன். முழு பதில் இல்லன்னு எனக்கே தெரியும். ஆனா ஒத்துக்கிட்டாங்க.

நடுவுல ஒரு காகித வேல இருக்கு, அத பத்தி யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. ஒவ்வொரு அலகுக்கும் கே1ல இருந்து கே6 வரைக்கும் (நெனவுல வச்சு சொல்றதுல இருந்து புதுசா படைக்கிறது வரைக்கும்) நெலை போடணும், தாள் படிச்சா பிள்ளைக்கு என்ன வரணும், பட்டம் முடிச்சா என்ன வரணும், ரெண்டும் எவ்வளவு பொருந்துதுன்னு கட்டம் போட்டு 3, 2, 1னு நெரப்பணும், மாணவர் கருத்து, பழைய மாணவர் கருத்து, அதுக்கு எடுத்த நடவடிக்கைன்னு தனித்தனியா கோப்பு. யோசிக்க ஒரு மாசம் ஆச்சுன்னா கட்டம் நெரப்ப ரெண்டு மாசம். மொத நாள்லயே கட்டத்த போட்டுக்கிட்டு வேலைய ஆரம்பிங்க, கடைசியில நெரப்புனா பொய்தான் எழுத வேண்டி வரும். நான் கொஞ்சம் எழுதினேன்.

ஜூன்ல புதுப் பிள்ளைக வந்துச்சுக. மொத மாசம் மூல வாசிப்பு வகுப்பு கொடும, ஒரு பாட்டுக்கு மூணு மணி நேரம். நாலாவது வாரம் ஒருத்தன் அவனாவே 'வேர்க்கோட்' வரைக்கும் வந்து நின்னுட்டு அகராதியில 'கோடு' தேடுறான், மரக்கிளைன்னு எழுதிட்டான். தப்புதான். ஆனா நானும் சொல்லல, அவன் உரையையும் பாக்கல. அவனா தேடிப் பண்ணின தப்பு, அதுக்கே எனக்கு அவ்வளவு சந்தோசம்.

செமஸ்டர் பரீட்சையிலதான் கவுந்துட்டோம். வினாத்தாள் எடுக்குறது வெளிக் கல்லூரி ஆளு. அவங்க பாவம், தாள் பேர பாத்துட்டு பழக்கத்துல "எட்டுத்தொகை நூல்களைப் பட்டியலிடுக", "கபிலர் குறிப்பு வரைக"ன்னு அனுப்பிட்டாங்க, தெரியாத பாட்டு ஒண்ணுகூட இல்ல, அகராதிய தூக்கிட்டு வந்த பிள்ளைக அத தலைக்கு வச்சு தூங்காத கொற. மாதிரி வினாத்தாள பாடத்திட்டத்தோட சேத்து ஒப்புதல் வாங்கியிருக்கணும், 140 கிரெடிட்டையும் எண்ணி எண்ணி பாத்தவ இத விட்டுட்டேன். அடுத்த குழுக் கூட்டம் மாசியில, மாதிரி வினாத்தாள் மூணு எழுதி வச்சுருக்கேன், வினாத்தாள் எடுக்குறவங்களுக்கு ஒரு பக்கத்துல குறிப்பும் எழுதணும், ஆச்சி பேரேட்டுல ஒரு பக்கத்த போட்டோ புடிச்சு வினாவா வைக்கலாமான்னு கேட்டதுக்கு ஆச்சி, "வையி, ஆனா அந்த ரங்கூன் கடன் பக்கம் மட்டும் வேணாம்த்தா, அது இன்னும் வரவாகல"ன்னாங்க.