காயத்தின் முதல் மூன்று மணி நேரம்

பெரும் விபத்தில் சிக்கியவரின் இரத்தம் ஏன் உறையாமல் போகிறது என்ற கேள்விக்கு, நான் மருத்துவம் படித்த காலத்தில் பாடநூல்கள் எளிமையான விடையைத் தந்தன. உடல் குளிர்ந்துவிடுகிறது, இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது, நாம் ஏற்றுகிற சலைன் உறைதல் காரணிகளை, அதாவது இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களை, நீர்த்துப்போகச் செய்கிறது. ஆகவே இரத்தம் உறைவதில்லை. குளிர்ச்சி, அமிலத்தன்மை, உறைதல் கோளாறு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்த்துவிடுவதால் அவற்றை உயிர்பறிக்கும் முக்கூட்டு என்று சொல்வார்கள். இந்த விளக்கத்தின்படி உறைதல் கோளாறு என்பது தாமதமாக, சிகிச்சையின் போக்கில், ஓரளவு சிகிச்சையாலேயே உண்டாகும் ஒன்று.

இந்தப் பார்வையை அசைத்தது, 2003ஆம் ஆண்டு லண்டனில் காரிம் புரோகியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வு. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நேரத்தில் எடுக்கப்பட்ட இரத்தப் பரிசோதனைகளை 1,088 நோயாளிகளிடம் அவர்கள் பார்த்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அப்போதே உறைதல் கோளாறு இருந்தது. வழியில் எவ்வளவு சலைன் ஏற்றப்பட்டது என்பதற்கும் இதற்கும் தொடர்பு தென்படவில்லை. கோளாறு இருந்தவர்களில் 46 விழுக்காட்டினரும், இல்லாதவர்களில் சுமார் 11 விழுக்காட்டினரும் இறந்தார்கள். அதாவது நாம் ஊசியைக் குத்துவதற்கு முன்பே உடல் தன் இரத்தத்தின் உறையும் திறனைக் குலைத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. அதன் பின் வந்த இருபதாண்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்து படித்துவரும் மயக்கவியல் மருத்துவன் என்ற முறையில் எனக்குப் படுவது இதுதான்: எதைக் கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றியே நாம் அதிகம் வாதிட்டோம், எப்போது கொடுக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான விடைகள் ஒளிந்திருந்தன.

உடல் ஏன் அவ்வாறு செய்கிறது? கடுமையான காயமும், திசுக்களுக்கு இரத்த ஓட்டம் குறைவதும் ஒன்றுசேரும்போது, இரத்த நாளங்களின் உட்சுவரில் உள்ள த்ராம்போமாடுலின் என்ற புரதம் த்ராம்பினைப் பற்றிக்கொள்கிறது. த்ராம்பின் என்பது ஃபைப்ரினோஜனை ஃபைப்ரினாக மாற்றி உறைகட்டியை உண்டாக்கும் நொதி. ஆனால் த்ராம்போமாடுலினோடு சேர்ந்த மாத்திரத்தில் அது கட்சி மாறி, புரதம் சி என்பதைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட புரதம் சி, ஐந்தாம் மற்றும் எட்டாம் உறைதல் காரணிகளைச் செயலிழக்கச் செய்கிறது. அதே வேளையில் உட்சுவர்ச் செல்கள், உறைகட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினை உருவாக்கும் தூண்டியை வெளிவிடுகின்றன. உட்சுவரைப் போர்த்தியிருக்கும் கிளைகோகாலிக்ஸ் என்ற மெல்லிய படலம் உரிந்து, உறைதலைத் தடுக்கும் ஹெப்பரின் போன்ற பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. இவற்றில் எது முதன்மையானது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் இணக்கம் இல்லை. ஆனால் விளைவில் ஐயமில்லை: உறைதல் காரணிகளுள் ஆபத்தான அளவுக்கு முதலில் இறங்குவது பெரும்பாலும் ஃபைப்ரினோஜன்தான். இரத்த ஓட்டம் மந்தமாகும்போது முக்கிய உறுப்புகளின் நுண்ணாளங்கள் அடைபடாமல் காக்கும் ஏற்பாடாக இது தொடங்கியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் வயிற்றுக்குள் கல்லீரல் கிழிந்திருக்கும் ஒருவருக்கு அந்த ஏற்பாட்டால் பயன் ஏதும் இல்லை.

சலைன் கதை இதைவிடப் பழையது. முதல் உலகப்போரின்போது, 1918இலேயே, அமெரிக்க உடலியங்கியலாளர் வால்டர் கேனன் ஓர் எச்சரிக்கையை எழுதிவைத்தார். இரத்தக் கசிவை அடக்க அறுவை மருத்துவர் ஆயத்தமாகும் முன்பே இரத்த அழுத்தத்தை உயர்த்தினால், மிகவும் தேவைப்படும் இரத்தமே வெளியேறிப் போகலாம் என்பது அதன் சாரம். 1960களில் உப்புநீர்க் கரைசல்களைத் தாராளமாக ஏற்றும் வழக்கம் வேரூன்றியபோது இந்த எச்சரிக்கை பின்னுக்குப் போயிற்று. வியட்நாம் போரில் சிறுநீரகச் செயலிழப்பு குறைந்தது. அதற்குப் பதிலாக நீர் கோத்த நுரையீரல்கள் வந்தன. அதற்கு டா நாங் நுரையீரல் என்றே பெயர் வைத்தார்கள். 1994இல் ஹூஸ்டனில் பிக்கெல் குழுவினர் இதை நேரடியாகச் சோதித்தனர். உடற்பகுதியில் குத்துக்காயமோ துப்பாக்கிக் காயமோ பட்டு இரத்த அழுத்தம் குறைந்திருந்த 598 பேரை, காயம் நேர்ந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். உடனடியாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 62 விழுக்காட்டினர் பிழைத்தனர். அறுவை அரங்கு வரை காத்திருந்தவர்களில் 70 விழுக்காட்டினர் பிழைத்தனர். தேதியை வைத்துப் பிரிப்பது இன்றைய அளவுகோலில் சரியான முறை அல்ல என்றாலும், கசிவு அடங்கும் வரை சிஸ்டாலிக் அழுத்தத்தை (இதயம் சுருங்கும்போது உள்ள இரத்த அழுத்தத்தை) 80 முதல் 90 வரை வைத்திருந்தால் போதும் என்ற இன்றைய நடைமுறைக்கு வழிவிட்ட ஆய்வுகளில் இது முக்கியமானது. தலைக்காயம் உள்ளவருக்கு இந்த விதி பொருந்தாது. மூளைக்கு இரத்த ஓட்டம் குறைவதை அங்கே அனுமதிக்க முடியாது.

சலைன் வேண்டாம் என்றால், வேறென்ன? இதற்கு விடை தேடிய ஆய்வுகளில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டதும், மிக அதிகமாகச் சந்தேகிக்கப்பட்டதும் 2007இல் வெளிவந்த போர்க்மேன் குழுவினரின் ஆய்வு. பாக்தாதில் இருந்த அமெரிக்கப் படை மருத்துவமனையில் பெருமளவு இரத்தம் ஏற்றப்பட்ட 246 பேரின் பதிவுகளை அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு யூனிட் சிவப்பணுக்களுக்கு ஒரு யூனிட் பிளாஸ்மா (உறைதல் காரணிகள் அடங்கிய, இரத்தத்தின் திரவப் பகுதி) என்ற அளவில் பெற்றவர்களில் 65 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள்; இரண்டும் ஏறத்தாழச் சமமாகக் கிடைத்தவர்களில் 19 விழுக்காட்டினரே இறந்திருந்தார்கள். எந்த மருந்தும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டியதில்லை என்பதே சந்தேகத்துக்கு முதல் காரணம்.

இரண்டாவது காரணத்தை இரத்த வங்கியில் நின்று பார்த்தால் புரியும். உறைநிலையில் வைக்கப்பட்ட பிளாஸ்மா, வெளிர்மஞ்சள் நிறத்தில் கெட்டியான பலகைபோல் பெட்டியிலிருந்து வெளிவருகிறது. அதை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் இறக்கி, அது இளகி ஆடத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். சிவப்பணுக்களோ குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஏற்றத்தக்கவை. ஆகவே வந்த அரைமணி நேரத்தில் இறந்துபோகிறவருக்குச் சிவப்பணுக்கள் மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கும். அவருடைய விகிதம் மோசமாகப் பதிவாகும். பிழைத்துக் கிடந்தவருக்குப் பிளாஸ்மா வந்து சேரும்; அவருடைய விகிதம் மேம்படும். பிளாஸ்மா கிடைத்ததால் பிழைத்தாரா, பிழைத்திருந்ததால் பிளாஸ்மா கிடைத்ததா என்பதைப் பின்னோக்கிய பதிவுகளைக் கொண்டு பிரித்தறிவது கடினம். ஆய்வுமுறை பற்றி இளையவர்களுக்குச் சொல்லித்தர நேரும்போதெல்லாம் நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இது.

இந்த முடிச்சை அவிழ்க்க ஜான் ஹோல்காம் தலைமையில் நடந்ததே 2015இல் வெளிவந்த ப்ராப்பர் ஆய்வு. வட அமெரிக்காவின் 12 மையங்களில் 680 பேர் சேர்க்கப்பட்டார்கள். பிளாஸ்மா, உறைதலுக்கு உதவும் தட்டணுக்கள், சிவப்பணுக்கள் மூன்றையும் சமமாகக் கொடுப்பதா, சிவப்பணுக்களை இரண்டு மடங்காகக் கொடுப்பதா என்பது கேள்வி. 24 மணி நேரத்தில் இறந்தவர்கள் முறையே 12.7 மற்றும் 17 விழுக்காடு. 30 நாளில் 22.4 மற்றும் 26.1 விழுக்காடு. இரண்டு வித்தியாசங்களும் புள்ளியியல் அடிப்படையில் உறுதிப்படவில்லை. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் இரத்தப்போக்கால் மட்டும் இறந்தவர்களைத் தனியாக எண்ணியபோது 9.2 மற்றும் 14.6 விழுக்காடு என்று வந்தது. இந்த வித்தியாசம் உறுதியானது. தோல்வியடைந்த ஆய்வு என்று இதைச் சிலர் ஒதுக்கினாலும், பல மையங்கள் சம விகிதத்தையே ஏற்றுக்கொண்டன, அதில் தவறில்லை என்பது என் எண்ணம். இரத்தப்போக்கால் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் சில மணி நேரத்திலேயே இறந்துவிடுகிறார்கள். 30ஆம் நாள் கணக்கிலோ மூளைக்காயத்தாலும் தொற்றாலும் உறுப்புச் செயலிழப்பாலும் நேர்ந்த இறப்புகள் கலந்துவிடுகின்றன. பிளாஸ்மாவால் தடுக்க முடியாத இறப்புகளையும் சேர்த்து எண்ணிப் பிளாஸ்மாவை எடைபோடுவது நியாயமாகப் படவில்லை. இந்த ஆய்வின் தரவுகளை மீண்டும் அலசியபோது, இரத்தப் பெட்டி வந்துசேர ஒவ்வொரு நிமிடம் தாமதமாகும்போதும் இறப்புக்கான வாய்ப்பு விகிதம் சுமார் 5 விழுக்காடு கூடியதும் தெரியவந்தது.

காலத்தின் பங்கை எல்லோரும் ஏற்கும்படி காட்டியது டிரனெக்சமிக் அமிலம்தான். ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவருடைய கணவர் ஷோசுகேவும் கண்டறிந்து 1962இல் அறிவித்த இந்த மருந்து, பிளாஸ்மினின் முன்வடிவமான பிளாஸ்மினோஜன் ஃபைப்ரினில் ஒட்டும் இடத்தை அடைத்து, உறைகட்டி கரையாமல் காக்கிறது. 2010இல் வெளிவந்த க்ராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தது. மொத்த இறப்பு 16 விழுக்காட்டிலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. அடுத்த ஆண்டு அதே தரவை நேரவாரியாகப் பிரித்தார்கள். காயம்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் இரத்தப்போக்கால் இறந்தவர்கள் 5.3 விழுக்காடு, போலி மருந்து பெற்றவர்களில் 7.7 விழுக்காடு. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் என்றால் 4.8, 6.1. மூன்று மணி நேரத்துக்குப் பிறகோ கணக்கு தலைகீழானது: மருந்து பெற்றவர்களில் 4.4, பெறாதவர்களில் 3.1. ஒரே மருந்து, ஒரே அளவு. நேரம் தவறினால் நன்மை தீமையாக மாறுகிறது. காயம்பட்ட சில மணி நேரத்தில் பலருக்கு உறைகட்டி கரையும் இயக்கம் தானாகவே அடங்கிவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் யாருக்குக் கரைகிறது, யாருக்கு அடங்கிவிட்டது என்பதை அளந்து பார்த்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். அதற்கான கருவியை ஹெல்முட் ஹார்ட்டர்ட் 1948இலேயே ஜெர்மனியில் வடிவமைத்துவிட்டார். சிறு கிண்ணத்தில் சில துளி இரத்தம், அதில் தொங்கும் ஓர் ஊசி. கிண்ணம் மெல்ல இப்படியும் அப்படியுமாகத் திரும்பும். இரத்தம் திரவமாக இருக்கும் வரை ஊசி அசையாது, திரையில் ஒற்றைக் கோடு ஓடும். உறையத் தொடங்கியதும் ஊசியும் சேர்ந்து திரும்ப, கோடு இரண்டாகப் பிரிந்து அகலும். உறைகட்டி கரைந்தால் அகன்ற இரு கோடுகளும் மறுபடி நெருங்கி வால்போல் குறுகும். அறுவை அரங்கில் அந்த வால் உருவாவதைப் பார்ப்பது, எந்த எண்ணையும்விடத் தெளிவாக நிலைமையைச் சொல்லிவிடும். ஆனாலும் 2021இல் வெளிவந்த ஐடாக்டிக் ஆய்வில், இந்த முறையைப் பின்பற்றியவர்களுக்கும் வழக்கமான பரிசோதனைகளைப் பின்பற்றியவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படும், ஃபைப்ரினோஜன் செறிந்த கிரையோபிரெசிபிடேட்டை எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த க்ரையோஸ்டாட்-2 ஆய்வும் (2023, சுமார் 1,600 பேர்) 28 நாள் இறப்பைக் குறைக்கவில்லை. அதே ஆண்டு பிரான்சில் செறிவூட்டப்பட்ட உறைதல் காரணிகளைச் சோதித்த ப்ரோகோயாக் ஆய்வில் பலன் இல்லாததோடு, இரத்தக்கட்டி அடைப்புகள் 24இலிருந்து 35 விழுக்காடாகக் கூடின. மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே பிளாஸ்மா கொடுப்பதிலும் முடிவுகள் பிளவுபட்டன: வான்வழி மருத்துவ ஊர்தியில் நடந்த பேம்பர் ஆய்வில் 30 நாள் இறப்பு 33 விழுக்காட்டிலிருந்து 23 ஆகக் குறைந்தது, டென்வர் நகருக்குள் தரைவழி ஊர்தியில் நடந்த காம்பாட் ஆய்வில் வித்தியாசம் இல்லை. இரண்டின் தரவுகளையும் சேர்த்து ஆராய்ந்தபோது, பயணம் 20 நிமிடத்தைத் தாண்டியவர்களிடமே பலன் தெரிந்தது.

இப்போது கவனம் கால்சியத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. இரத்தப் பையில் இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கப்படும் சிட்ரேட், ஏற்றப்பட்டவரின் உடலில் உள்ள கால்சியத்தைப் பிணைத்துக்கொள்கிறது. கால்சியம் இல்லாமல் உறைதல் காரணிகள் பல இயங்கா. ஒரு பைகூட ஏற்றும் முன்பே பலருக்குக் கால்சியம் குறைந்திருப்பதும் பதிவாகியுள்ளது. ஆகவே பழைய முக்கூட்டில் இதை நான்காவதாகச் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆனால் குறைந்த கால்சியம் இறப்புக்குக் காரணமா, கடுமையான காயத்தின் அடையாளம் மட்டுமா என்பது, பாக்தாத் பதிவுகளில் நாம் பார்த்த அதே வகைக் கேள்வி. முதல் நிமிடங்களிலேயே எல்லோருக்கும் கால்சியம் கொடுப்பது பற்றிய சோதனைகளின் முடிவு வரும் வரை, வேகமாக இரத்தம் ஏற்றும்போது அயனிக் கால்சியத்தை (இரத்தத்தில் எதனோடும் பிணையாமல் இருக்கும் கால்சியத்தை) அடிக்கடி அளந்து, லிட்டருக்கு 1.1 மில்லிமோலுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வதே சரி என்று கருதுகிறேன்.